ஊ தாங் வீட்டுப் பானையும் என் பித்தளை டம்ளரும்

ரங்கூனில் தெருவுக்குத் தெரு மரநிழலில் தண்ணீர்ப் பானை வைத்திருப்பார்கள். புண்ணியத்துக்கு வைப்பது. மூடிமேல் கொட்டாங்குச்சியில் செய்த அகப்பை ஒன்று கிடக்கும். பர்மாக்காரர், சீனர், ரிக்‌ஷா இழுக்கிறவர், மடத்துச் சாமியார், யாராயிருந்தாலும் அதே அகப்பையில் மொண்டு, அதே விளிம்பில் வாய் வைத்துக் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்துப் போவார்கள். நான் மட்டும் அதை ஒரு சாண் உயரத் தூக்கி, அண்ணாந்து, வாய்க்குள் ஊற்றுவேன். பாதி மூக்கில் போகும், மீதி சட்டையில் விழும். தாமுவே பேட்டையில் எங்கள் தெரு முனைப் பானைக்குப் பக்கத்தில் பூ விற்கிற பர்மாக்காரி இதைப் பலநாள் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. ஒருநாள் நான் குடித்து முடித்ததும் பரிவோடு ஒரு துண்டையும் ஒரு சவுக்காரத் துண்டையும் நீட்டினாள். இந்த மனிதன் தெருவில் நின்று முகம் கழுவுகிறான், வீட்டில் தண்ணீர் இல்லை போல என்று எண்ணிவிட்டாள். நான் மறுக்கத் தெரியாமல் வாங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன். மானம் போயிற்று என்று அப்போது நினைத்தேன். அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று பிறகு தெரிந்தது.

இதைப் படிக்கிற நம்மூர்க்காரர்களுக்கும், என்னைப்போல் கப்பலேறி வந்து இங்கே காலூன்றியவர்களுக்கும் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரையில் அரிசி மூட்டை ஏற்றுகிற கிடங்கில் நான் ரைட்டர். செங்கல்பட்டுச் சீமையில் என் அப்பாவை 'ஏய்' என்றும் 'அடேய்' என்றும் தவிர வேறு பெயரில் யாரும் கூப்பிட்டதில்லை. இங்கே என்னை ரைட்டர் ஐயா என்கிறார்கள். முதல்தடவை கேட்டபோது பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் தப்போ என்னவோ. வெளுத்த வேட்டி, மடித்த அங்கவஸ்திரம், ஞாயிறன்று பபேடான் கோயிலில் நாலு பெரிய மனிதர்களோடு நின்று பேசுவது என்று நானும் ஒரு ஆளாகிவிட்டேன்.

அப்படிப்பட்ட ஆளின் வீட்டில், அடுப்படி மூலையில், விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒரு பானை உண்டு. அதில் சுண்டக்கஞ்சி. என் மனைவி அன்னம் மிஞ்சிய சோற்றைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, வாயைத் துணியால் இறுகக் கட்டி, அடுப்பின் சூடு படுகிற இடமாகப் பார்த்து வைத்துவிடுவாள். சில நாளில் உள்ளே முணுமுணுவென்று சத்தம் கேட்கும். பிறகு பிசைந்து வடிகட்டினால் வெள்ளையாக, புளிப்பாக, நாக்கில் சுருக்கென்று ஏறுகிற ஒரு பானம். இதைச் சாராயத்தோடு சேர்க்காதீர்கள். வெள்ளைக்காரன் பார்லியைப் புளிக்கவைத்து பீர் என்கிறான், நாங்கள் சோற்றைப் புளிக்கவைக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம். ஊரில் எங்கள் தெருவில் இது இல்லாத வீடே கிடையாது. சனிக்கிழமை மாலை நானும் என் தம்பி ராசுவும் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடிப்போம், அன்னமும் குடிப்பாள். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் குடிப்போம்.

வாசனையைச் சாத்த முடியுமா? வீட்டுக்கு வருகிறவர்கள் மூக்கைச் சுளித்தால், "இட்லி மாவு கொஞ்சம் அதிகமாகப் புளித்துவிட்டது" என்பேன். அன்னம் உள்ளேயிருந்து ஒருமாதிரி இருமுவாள். அதே சமயம் கூடத்து அலமாரியில் ஒரு சீமை பீர் பாட்டிலைத் துடைத்து வைத்திருந்தேன். கிடங்குத் துரை கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கொடுத்தது. கசப்புக்கென்றே ஹாப்ஸ் என்று ஒரு பூவைச் சீமையிலிருந்து வரவழைத்துப் போடுவார்களாம், அது அதிகமாக விழுந்தால் உசத்தியாம். எனக்கு அது சின்ன வயதில் மூக்கைப் பிடித்து ஊற்றிய வேப்பிலைக் கஷாயம்தான். ஆனாலும் துரை எதிரில் "வெரி குட் சார்" என்று கண்ணில் நீர் முட்டக் குடித்தேன். காலி பாட்டில் அலமாரியில், நிறைபானை விறகுக்குப் பின்னால். இப்படித்தான் எங்கள் குடித்தனம் நடந்தது.

ஊ தாங் எங்கள் கிடங்கில் எடை போடுகிறவர். பர்மாவின் மேற்கு எல்லையிலுள்ள சின் மலைக்காரர். மனைவி இல்லை, ஒரே மகள், பெயர் மா நூ. தமிழ்க் கூலிகளோடு பல வருஷம் வேலை செய்ததில் தமிழ் பேசுவார், எல்லாம் கிடங்குத் தமிழ். அவர் எடையைச் சொல்லுவார், நான் எழுதுவேன். ஒவ்வொரு மூட்டைக்கும் 'சயா' என்று என்னை விளித்துத்தான் எடையைச் சொல்லுவார். பர்மாவில் வாத்தியாருக்கும் எழுத்து வேலைக்காரருக்கும் கொடுக்கிற மரியாதை அது. மா நூ தாமுவே மார்க்கெட்டில் மொச்சையும் இஞ்சியும் விற்பவள். ராசு டிராம் கண்டக்டர். கூடையோடு தினமும் டிராம் ஏறுகிற பெண்ணும் கண்டக்டரும் பழகினால் என்ன ஆகுமோ அது ஆயிற்று.

ராசு அன்னத்திடம்தான் முதலில் சொன்னான். அவள் என்னிடம் சொன்னபோது நான் ஒரு மணி நேரம் கத்தினேன். ஜாதி தெரியாத இடம், மலைக்காரர்கள், கோயிலில் என்ன சொல்லுவார்கள் என்றெல்லாம் அடுக்கினேன். அன்னம் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "ஆச்சா? எல்லாம் சொல்லிட்டீங்களா? அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. ராசு மூஞ்சில இப்பதான் சிரிப்பே வருது" என்றாள். அப்பா அம்மா இல்லாத பிள்ளை, நான்தான் தோளில் போட்டுக் கப்பலில் கூட்டிவந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. சரி என்றேன்.

முறைப்படி அழைக்க ஊ தாங் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தவர் முதலில் மூக்கை உறிஞ்சினார்.

"சயா, வாசன நல்லா கீது. இன்னா அது?"

"இட்லி மாவு," என்றேன்.

அவர் விறகுக் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அலமாரியில் இருந்த பாட்டிலையும் பார்த்தார். "நல்ல மாவு," என்று தலையாட்டினார். அன்னம் இருமினாள். அவர் போகும்போது, "ஞாயித்துக்கெழம வாங்கோ. பானை தொறக்கறேன். பொண்ணு பொறந்த வூட்டுல அதான் பேச்சு" என்றார்.

அந்தப் பானையைப் பற்றி ராசு எனக்கு விளக்கினான். காங்யே என்று பெயர். தினையையோ அரிசியையோ வேகவைத்து ஆறவைத்து, தசே என்கிற மருந்து உருண்டையைப் பொடித்துத் தூவி, உமி கலந்து, பானையில் அடைத்து, இலையால் வாயை மூடி வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். அதுவும் ஒரு பீர்தான், ஹாப்ஸ் என்கிற பேச்சே இல்லாத பீர். விருந்தாளி வந்ததும் பானை நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு நாணல் குழலைச் செருகுவார்கள். ஒரு பானைக்கு ஒரே குழல். வீட்டுக்காரர் முதலில் உறிஞ்சுவார், பிறகு விருந்தாளி, பிறகு மற்றவர். குடித்த அளவு தண்ணீரை மறுபடி ஊற்றுவார்கள். குழல் எல்லா வாயையும் சுற்றிவந்தால் சம்பந்தம் பேசி முடிந்தது என்று அர்த்தம்.

எனக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. ஒரே குழல் என்பது மட்டும் விழுந்தது. அத்தனை பேர் எச்சில்! நம்மில் தாய் கடித்த பண்டத்தைப் பிள்ளை தின்னலாம், அதற்கு மேல் கிடையாது. ஆனால் அவர்களை வருத்தப்படுத்தவும் மனமில்லை. ரொம்ப யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்த பித்தளை டம்ளரைப் புளி போட்டுத் துலக்கி, பளபளவென்று ஆக்கி, துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். என் சம்பந்தி வீட்டுப் பானத்தை என் வீட்டின் நல்ல பாத்திரத்தில் வாங்கிக் குடிப்பது மரியாதைதானே? சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அன்னத்திடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டம்ளரைப் பிடுங்கி மூலையில் எறிந்திருப்பாள்.

ஊ தாங் வீடு மூங்கில் வீடு, சுத்தமான வீடு. நடுவில் பாயில் பானை. எங்களைச் சுற்றி உட்காரவைத்தார். மா நூ தமேன் என்கிற பர்மாக் கைலி புதிதாகக் கட்டி, தலையில் பூ வைத்து, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராசுவின் காது மடல் சிவந்திருந்தது. ஊ தாங் குனிந்து குழலில் ஒரு இழுப்பு இழுத்து, நிமிர்ந்து, எல்லோருக்கும் தெரிகிறமாதிரி விழுங்கினார். பிறகு குழலின் வாயை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக என் பக்கம் திருப்பினார்.

நான் பையைத் திறந்து டம்ளரை எடுத்துப் பானைக்கு முன்னால் வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் மின்னியது. "இதில் கொஞ்சம் ஊற்றுங்கள்," என்றேன், சிரித்துக்கொண்டே.

ஊ தாங் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சயா," என்றார் கடைசியில். "என் பானையில இன்னா கீதுன்னு நெனச்சே?"

உள்ளே தினையா அரிசியா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். "தினைதானே? ராசு சொன்னான்."

"நான் குடிச்சேன். நீ பாத்தே."

"பார்த்தேன், பார்த்தேன். டம்ளர் நல்ல டம்ளர், கவலைப்படாதீர்கள். புளி போட்டுத் துலக்கியது."

மா நூ எழுந்து உள்ளே போய்விட்டாள். ஊ தாங் குழலை உருவிப் பாயில் வைத்தார். பக்கத்தில் கிடந்த இலையை எடுத்துப் பானை வாயைப் பழையபடி மூடினார். "மழ வரும் போல. போய்ட்டு வாங்கோ," என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

தெருவுக்கு வந்ததும் ராசு நின்றான். "அண்ணா, அவங்க மலையில தனி ஏனம் எடுத்துட்டு வர்றவன் யாரு தெரியுமா? பகையாளி. சமாதானம் பேச வந்தும் நம்பாதவன். விஷம் வச்சிருப்பான்னு பயப்படறவன். அதுக்குத்தான் வீட்டுக்காரரே முதல்ல குடிச்சுக் காட்டறது. நீ அவரு குடிச்சதைப் பாத்துட்டும் டம்ளரை எடுத்தே." எங்களை விட்டுவிட்டு எதிர்த்திசையில் நடந்தான்.

"விஷம்னு யார்டி நினைச்சா?" என்று நான் அன்னத்திடம் முறையிட்டேன். "எச்சில்னுதானே..."

அவள் நடப்பதை நிறுத்தவில்லை. "அது எனக்குத் தெரியாதா? அவரு விஷம்னு நெனச்சது தேவலைங்க. நீங்க நெனச்சது அதவிட மோசம். ஊர்ல நம்மளுக்குக் கொட்டாங்குச்சில ஊத்துனாங்களே, அவங்களுக்கும் உங்களுக்கும் இப்ப இன்னா வித்தியாசம்?"

எனக்கு நடு ரோட்டில் உடம்பு கூசிப்போயிற்று. ஊரில் கடைத்தெருவில் ஒரு காபிக் கடை உண்டு. அப்பாவும் நானும் உள்ளே போகக் கூடாது. பின்பக்கம் வேலியில் கொட்டாங்குச்சிகள் செருகியிருக்கும், நாங்களே ஒன்றை எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். கடைக்காரர் செம்பை உயரத் தூக்கி ஊற்றுவார், அவர் செம்பும் எங்கள் கொட்டாங்குச்சியும் தப்பித்தவறியும் தொட்டுவிடக் கூடாது. சூடு கையில் தெறிக்கும். அப்பா ஒருதடவைகூடக் கையை இழுத்ததில்லை, இழுத்தால் கீழே சிந்துமே. அவரும் பொல்லாதவரல்ல, அந்தக் கடைக்காரர். சிரித்துக்கொண்டே ஊற்றுவார். என்னைப்போலவே.

அந்தக் கொட்டாங்குச்சிக்குப் பயந்துதானே ஐயா நான் கடல் தாண்டி வந்தேன்! இங்கே தெருமுனையில் ராஜாவும் கூலியும் ஒரே கொட்டாங்குச்சியில் வாய் வைத்துக் குடிக்கிறார்கள். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேனா? தூக்கிப் பிடித்து அண்ணாந்து குடித்தேன்! எந்த நோயிலிருந்து தப்பி ஓடிவந்தேனோ அதைப் பத்திரமாகத் துணியில் சுற்றி, புளி போட்டு வேறு துலக்கிக் கொண்டுவந்திருக்கிறேன். வெட்கம் என்றால் முகத்தில்தான் படும் என்று நினைத்திருந்தேன். உள்ளங்காலில்கூடப் படுகிறது.

அதன்பிறகு கிடங்கில் ஊ தாங் எடையை மட்டும் சொன்னார். சயா என்பது நின்றுவிட்டது. மூட்டைக்கு மூட்டை அந்த ஒரு வார்த்தை இல்லாதது எனக்குக் கேட்டது. ராசு வீட்டுக்குச் சாப்பிட வருவதில்லை, டிராம் ஷெட்டிலேயே படுத்துக்கொண்டான். மா நூ வேறு டிராமில் போவதாகச் சொன்னார்கள். நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று ஊ தாங் முன்னால் போய்ப் போய் நின்றேன். என்ன சொல்லுவது? உங்கள்மேல் விஷச் சந்தேகம் இல்லை, உங்கள் வாய்தான் எனக்கு அருவருப்பு என்றா?

அடுத்த சனிக்கிழமை மாலை நான் வேலை முடிந்து வந்தபோது அன்னம் நல்ல சேலை கட்டியிருந்தாள். விறகுக் கட்டு கலைந்து கிடந்தது. சும்மாடு வைத்துப் பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கேடி?"

"சம்பந்தி வூட்டுக்கு."

"தெரு பூரா நாறுமே! ஆளுங்க பாப்பாங்களே!"

"பாக்கட்டும். கேட்டா இட்லி மாவுன்னு சொல்லுங்க, உங்களுக்குத்தான் அது நல்லா வருமே."

நல்ல வெளிச்சத்தில் அவள் தெருவில் இறங்கினாள். துணி கட்டிய வாயிலிருந்து நுரை பொங்கி அவள் நெற்றியில் வழிந்தது. புளித்த வாசனை முன்னால் போயிற்று, அவள் பின்னால், நான் இன்னும் பின்னால். கோயிலில் என்னோடு நின்று பேசுகிற ஒரு பெரிய மனிதர் எதிரில் வந்தார். அன்னத்தைப் பார்த்தார், மூக்கைப் பொத்தினார், பிறகு என்னைப் பார்த்தார். அன்று அவளுக்கும் எனக்கும் நடுவில் கொஞ்சம் தூரம் இருக்கும்படி என் நடையை மெதுவாக்கினேன். நான் அவள் புருஷன் என்பது தெரியாமல் போகட்டும் என்று பார்த்தேன். ஒரு வாரமாக வெட்கப்பட்டுச் செத்தவன் செய்கிற காரியமா இது?

டிராம் ஷெட் வாசலில் அன்னம் நின்று ராசுவைக் கூப்பிட்டாள். அவன் ஓடிவந்து பானையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். மூன்று பேருமாக ஊ தாங் வீட்டுக்குப் போனோம்.

அவர் வாசலில் பல்லுக்குச்சி மென்றுகொண்டிருந்தார். அன்னம் ராசுவின் தலையிலிருந்து பானையை வாங்கி அவர் முன்னால் இறக்கிவைத்துத் துணியை அவிழ்த்தாள்.

"இது எங்க வூட்டு பீரு. சுண்டக்கஞ்சி. இட்லி மாவு இல்ல."

ஊ தாங் குனிந்து முகர்ந்தார். முகம் மெல்ல மாறியது. "தெரியும்," என்றார். "அன்னிக்கே தெரியும். நல்ல பானைய ஏன் மறைக்கிறான், இந்த ஆளுக்கு இன்னா கஷ்டம்னு நெனச்சேன்."

"அவருக்கு வந்த கஷ்டம் பொறந்த ஊர்ல ஏற்பட்டது. உங்க மேல சந்தேகம் இல்ல. அவருக்கு ஒருத்தர் வாய்பட்டது ஆவாது. எங்க வாய்பட்டது ஊர்ல வேற ஆளுங்களுக்கு ஆவாது. அந்தப் பைத்தியம் இவருக்கும் பிடிச்சிக்கிச்சு." சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இல்லன்னு சொல்லுங்களேன் பாக்கலாம்."

ஊ தாங்குக்கு அது முழுக்க விளங்கியதாகத் தெரியவில்லை. ஒரு மனிதன் வாய் இன்னொருவனுக்கு ஏன் ஆகாது என்று வாசலுக்கு வந்த மகளிடம் பர்மா பாஷையில் கேட்டார். மா நூ உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் என் முகத்தில் இருந்தது அவருக்கு விளங்கியது. உள்ளே போய் அந்த நாணல் குழலை எடுத்துவந்து எங்கள் பானையில் செருகினார்.

இந்தத் தடவை எங்கள் பானை, ஆகவே முதல் இழுப்பு எங்களுடையது. அன்னம் குடித்தாள். ஊ தாங் அதே குழலில் வாய் வைத்து இழுத்தார், கண்ணை மூடினார், "ஆகா, புளிப்பு!" என்று தொடையைத் தட்டினார். மா நூ குடித்தாள், ராசு குடித்தான். குழல் ஈரமாக என்னிடம் வந்தது. எல்லோரும் வேறு எங்கோ பார்ப்பதாகப் பாவனை செய்தார்கள். நான் குனிந்தேன். உதடு குழலைத் தொடுவதற்கு முன்னால், நான் சொல்லாமலே, என் கட்டைவிரல் போய் அதன் வாயைத் துடைத்தது. பிறகுதான் குடித்தேன்.

தை மாதம் ராசுவுக்கும் மா நூவுக்கும் கல்யாணம் ஆயிற்று. கோயில் பெரிய மனிதர்களில் பாதிப் பேர் வரவில்லை. பரவாயில்லை. இப்போது அன்னமும் ஊ தாங்கும் சேர்ந்து என்னென்னவோ காய்ச்சுகிறார்கள். அவருடைய தசேயைப் போட்டு இவள் கேழ்வரகில் ஒரு பானை வைத்தாள். முதலில் இனிப்பு, நடுவில் புளிப்பு, விழுங்கினபிறகு வறுத்த மாவின் வாசனை. பனைவெல்லம் போட்டு ஒன்று, கறுப்புப் புட்டரிசியில் ஒன்று. பீர் என்றால் கசக்கத்தான் வேண்டும் என்று எந்தச் சீமையில் சட்டம் போட்டார்களோ, எங்கள் அடுப்படியில் அது செல்லாது. துரையின் பாட்டிலில் அன்னம் விளக்கெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறாள். நம்மூர்க்காரர் யாராவது வந்து மூக்கைச் சுளித்தால் மட்டும் என் வாயில் இன்னும் இட்லி மாவுதான் வருகிறது.

கிடங்கில் ஊ தாங் பழையபடி சயா என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுப் பானையைச் சுற்றி உட்காருகிறோம். என் கட்டைவிரலை நான் எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன். தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முறை வந்ததும் அது கிளம்பிவிடுகிறது. உதடு எப்போதோ ரங்கூனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. விரல் இன்னும் செங்கல்பட்டை விட்டுக் கப்பல் ஏறவில்லை. யாரும் பார்க்கவில்லை என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு குழல் ராசுவிடமிருந்து அப்படியே மா நூவுக்குப் போயிற்று, அவளிடமிருந்து அன்னத்துக்கு, அன்னத்திடமிருந்து ஊ தாங்குக்கு. அடுத்தது நான். அவர் குடித்துவிட்டு, பேச்சை நிறுத்தாமல், யாரையும் பார்க்காமல், தன் சட்டை நுனியால் குழலின் வாயை ஒருதடவை துடைத்து, என் பக்கம் திருப்பிவைத்தார். எனக்கு மட்டும்தான் அப்படித் துடைத்துத் தந்தார்.